பெப்பர்மின்ட் எண்ணெய்: ஏற்காட்டில் வாங்கிய பச்சைக் குப்பியும் சில கேள்விகளும்

தறிச்சத்தம் (அம்மாப்பேட்டை) | ஞாயிறு, இரவு 8.50

எல்லோருக்கும் வணக்கம். இன்று குடும்பத்தோடு ஏற்காடு போய்விட்டு இப்போதுதான் வீடு திரும்பினோம். இறங்குவதற்கு முன் ஒரு தைலக் கடையில் வண்டியை நிறுத்தினோம். நீலகிரித் தைலம், கிராம்புத் தைலம், லெமன்கிராஸ் என்று கண்ணாடி அலமாரி நிறையக் குப்பிகள். கடைக்காரர் என் மாமியாரின் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து மோந்து பார்க்கச் சொன்னார். அவ்வளவுதான், அவருக்குப் பிடித்துப்போய் 30 மில்லி குப்பி ஒன்று வாங்கிக்கொண்டார். மேலே பெப்பர்மின்ட் ஆயில் என்று மட்டும் எழுதியிருக்கிறது.

மாமியார் முப்பது வருடமாக விசைத்தறியில் நிற்பவர். சாயங்காலம் ஆனால் நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்குவதுபோல வலி வரும். அதற்குத்தான் வாங்கினோம். ஆனால் கடைக்காரர் சொன்ன பட்டியல் பெரிது: தலைவலி, சளி, மூட்டு வலி, அஜீரணம், கொசு, எலி, குழந்தைக்கு மூக்கடைப்பு. இதில் எதை நம்பலாம், எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் அவசரமாகத் தெரிய வேண்டும். என் பையனுக்கு எட்டு மாதம். மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை போல, மூக்கு அடைத்திருக்கிறது. மூக்குக்குக் கீழே ஒரே ஒரு துளி தடவலாமா என்று மாமியார் கேட்கிறார்.

வார்டுவிளக்கு | ஞாயிறு, இரவு 8.58

தடவ வேண்டாம். குப்பியை மூடி, குழந்தை இருக்கும் அறையைவிட்டு எடுத்துப்போய் வைத்துவிடுங்கள். விளக்கம் அப்புறம் எழுதுகிறேன்.

வார்டுவிளக்கு | ஞாயிறு, இரவு 9.20

நான் செவிலியர். குழந்தைகள் பிரிவில் பல வருடம் இருந்திருக்கிறேன்.

இந்த எண்ணெயின் முக்கியப் பொருள் மென்தால். கைக்குழந்தையின் மூக்குப் பக்கம் இது வலுவாகப் பட்டால் குரல்வளை சட்டென்று இறுகிக்கொள்ளலாம், மூச்சு நின்றுபோகலாம். பெரியவர்களுக்கு ஜில்லென்று இதமாக இருக்கிற அதே உணர்ச்சி, அவ்வளவு சின்ன மூச்சுப்பாதையில் அப்படி வேலை செய்கிறது. ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இதைக் கூடவே கூடாது என்று வைத்திருக்கிறது. நெஞ்சில் தடவுகிற தைலங்களில் கற்பூரமும் சேர்ந்திருக்கும். கற்பூரம் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் வலிப்பே வரும். எனவே அந்தத் தைலங்களும் வேண்டாம்.

குழந்தைக்கு மருந்துக் கடையில் உப்புநீர்ச் சொட்டு மருந்து கேட்டு வாங்குங்கள். பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு நாசியிலும் விட்டால் போதும், சளி இளகும். பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு வாங்கும்போது விலா எலும்புக்கு நடுவே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ காலை வரை காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

இன்னொன்றையும் மாமியாரிடம் சொல்லுங்கள். அவர் நெற்றியில் தைலம் தடவிக்கொண்ட கையோடு குழந்தையைத் தூக்கக் கூடாது. குழந்தை பாட்டியின் முகத்தைத்தான் முதலில் தொடும், அப்புறம் அதே விரலை வாயில் வைக்கும், கண்ணைக் கசக்கும்.

தறிச்சத்தம் | ஞாயிறு, இரவு 9.41

மிக்க நன்றி அக்கா. மாமியாருக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். "நல்லவேளை கேட்டோம்" என்று அவரே எழுந்துபோய்க் குப்பியை அட்டாலியில் வைத்துவிட்டார். வீட்டுக்காரர் சொட்டு மருந்து வாங்கப் போயிருக்கிறார்.

குடுவை (அஸ்தம்பட்டி) | திங்கள், காலை 6.10

குழந்தை தூங்கினானா அம்மா? நான் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு ஒரு கேள்வி. குப்பியைச் சாய்த்து ஒரு சொட்டை வெள்ளைப் பீங்கான் தட்டில் விட்டுப் பாருங்கள். எண்ணெய் என்ன நிறமாக இருக்கிறது?

தறிச்சத்தம் | திங்கள், காலை 7.35

சொட்டு மருந்து விட்டதும் நன்றாகத் தூங்கினான் ஐயா. காய்ச்சல் இல்லை, பாலும் குடிக்கிறான்.

எண்ணெய் நல்ல பச்சை. புதினாத் துவையல் அளவுக்கு இல்லை, ஆனால் இலைப் பச்சைதான்.

குடுவை | திங்கள், காலை 9.05

சந்தேகப்பட்டது சரிதான். விவரமாகவே எழுதுகிறேன், பலருக்கும் உதவும்.

பெப்பர்மின்ட் எண்ணெயை இலையிலிருந்து பிழிவதில்லை. பூக்கத் தொடங்கும் சமயத்தில் தழையை அறுத்து, ஒரு பொழுது வாடவிட்டு, பெரிய கொப்பரையில் அடைத்து அடியிலிருந்து நீராவி விடுவார்கள். இலையின் மேல் நுண்ணிய சுரப்பிகளில் இருக்கும் எண்ணெய் ஆவியோடு சேர்ந்து எழும். குளிர்ந்த குழாய் வழியாக இறங்கும்போது தண்ணீரும் எண்ணெயும் தனித்தனியாகப் பிரியும். எண்ணெய் லேசு என்பதால் மேலே மிதக்கும், அதை வடித்து எடுப்பார்கள். இலையின் பச்சை நிறம் ஆவியில் ஏறாது, கொப்பரைக்குள்ளேயே தங்கிவிடும். அதனால் நல்ல பெப்பர்மின்ட் எண்ணெய் தண்ணீர்போல நிறமில்லாமல் இருக்கும், அல்லது மிக வெளிறிய மஞ்சளாகவோ லேசாகப் பச்சை சாய்ந்த மஞ்சளாகவோ இருக்கும். இலைப் பச்சையாக இருந்தால் யாரோ சாயம் கலந்திருக்கிறார்கள். வாங்குகிறவருக்குப் புதினா என்றால் பச்சை என்ற நினைப்பு இருக்கிறதே, அதற்காகவே கலப்பது.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு மின்விசிறிக்குக் கீழே வைத்துவிட்டு நாளைக் காலையில் பாருங்கள். சுத்தமான வாசனை எண்ணெய் ஏறக்குறைய முழுக்கப் பறந்துவிடும். வடை வைத்த தாள்போல எண்ணெய்க் கறை நின்றால் சமையல் எண்ணெயோ பாரஃபினோ கலந்திருக்கிறது. ஆனால் இந்தச் சோதனை எல்லாக் கலப்படத்தையும் பிடிக்காது. சீக்கிரம் ஆவியாகிற மலிவான பொருளைக் கலந்திருந்தால் தாள் சுத்தமாகத்தான் இருக்கும்.

கொலுசுப்பட்டறை | திங்கள், மதியம் 1.15

ஐயா, இதைப் படித்ததும் என்னிடம் இருக்கிற குப்பியை எடுத்துப் பார்த்தேன். நிறமே இல்லை. கொலுசுக்குப் பற்றவைக்கிற வேலை எனக்கு. நாள் முழுக்கக் குனிந்தே இருப்பதால் பிடரியும் தோளும் இறுகிவிடும், அதற்குத் தடவுவேன். கண்ணாடிக் குப்பியை வெயில் காலத்தில் ஃபிரிட்ஜில் வைத்தால் உள்ளே ஊசி ஊசியாக உறைகிறது. கெட்டுப்போயிற்றோ என்று இரண்டு மாதமாகத் தொடாமல் வைத்திருக்கிறேன்.

குடுவை | திங்கள், மதியம் 2.30

கெட்டுப்போகவில்லை தம்பி. அந்த ஊசிகள்தான் மென்தால். ஆனால் அது ஒரு செய்தியும் சொல்கிறது. உங்களிடம் இருப்பது அநேகமாகப் பெப்பர்மின்ட் இல்லை, அதன் உறவுக்காரச் செடியின் எண்ணெய்.

புதினாக் குடும்பத்தில் மூன்று பேரை நாம் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, நம் சந்தையில் கட்டுக்கட்டாக வரும் சமையல் புதினா. தட்டுவடை செட்டுக்குப் பச்சைச் சட்னி அரைக்கிறோமே, அது. பெரும்பாலும் இது ஸ்பியர்மின்ட் வகை. வாசனை கார்வோன் என்ற பொருளால் வருகிறது, மென்தால் மிகக் குறைவு. தட்டுவடை செட் சாப்பிட்டால் நாக்கு மணக்கும், ஆனால் ஜில்லென்று இழுக்காது, கவனித்துப் பாருங்கள்.

இரண்டாவது பெப்பர்மின்ட். இது ஸ்பியர்மின்ட்டும் நீர்ப்புதினாவும் இயற்கையில் கலந்து பிறந்த கலப்பினம். 1696-இல் இங்கிலாந்தின் தாவரவியலாளர் ஜான் ரே இதைத் தனி வகையாகக் குறித்து வைத்தார். 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் மென்தா பைபெரிட்டா என்ற இப்போதைய தாவரப் பெயரைக் கொடுத்தார். கழுதையும் குதிரையும் சேர்ந்து பிறந்த கோவேறுக் கழுதைபோல இதற்கும் வம்ச விருத்தி கிடையாது. முளைக்கிற விதை பிடிக்காது, வேர்த்தண்டை ஒடித்து நட்டுத்தான் பெருக்க வேண்டும். பெப்பர்மின்ட் விதை என்று இணையத்தில் விற்பதை வாங்கி விதைத்தால் வருவது வேறு ஏதோ புதினா. இதன் எண்ணெயில் மென்தால் ஏறக்குறைய 30 முதல் 55 சதவீதம், மென்தோன் 14 முதல் 32 சதவீதம், மீதி சின்னச் சின்னப் பொருள்கள்.

மூன்றாவது உத்தரப் பிரதேசத்தில் பாரபங்கி, சம்பல், பதாயூன் பக்கம் கடல்போலப் பயிராகும் மென்தால் புதினா. நாட்டில் மென்தா ஆயில் என்று வியாபாரம் ஆவது இதுதான். உலகிலேயே அதிகம் விளைவது நம் நாட்டில். லக்னோவில் இருக்கும் மத்திய மருத்துவ நறுமணத் தாவர நிறுவனம் இதற்காகவே கோசி, ஹிமாலயா போன்ற ரகங்களை உருவாக்கிக் கொடுத்தது. இதில் மென்தால் 70 சதவீதத்துக்கு மேல் போகும். அதனால்தான் ஃபிரிட்ஜில் வைத்ததும் ஊசி விடுகிறது. குப்பியை மூடியோடு வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள், பழையபடி கரைந்துவிடும். அடுப்பில் காட்டாதீர்கள், எளிதில் தீப்பிடிக்கிற பொருள். உங்கள் பட்டறையில் ஊதுகுழலுக்குப் பக்கத்திலும் வைக்க வேண்டாம்.

தொழிற்சாலைகளில் அந்த எண்ணெயை உறைய வைத்து மென்தாலைப் படிகமாக எடுத்துவிடுவார்கள். மீதி நிற்கும் எண்ணெய்க்கு டிஎம்ஓ என்று பெயர். விலை குறைவு, மணமும் கொஞ்சம் பெப்பர்மின்ட் சாயலில் இருக்கும். பெப்பர்மின்ட் என்று விற்கும் மலிவுக் குப்பிகளில் இது நிறையக் கலக்கிறது. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஆய்வகத்தில் வாயு நிறப்பிரிகை செய்து ஒவ்வொரு பொருளும் எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும். வாங்கும்போது குறைந்தது தாவரப் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி எழுதியிருக்கிற, பழுப்புக் கண்ணாடிக் குப்பியாகப் பாருங்கள்.

கொலுசுப்பட்டறை | திங்கள், மதியம் 2.52

கரைந்துவிட்டது ஐயா. நன்றி. மணம் அப்படியே இருக்கிறது.

உரலும்உலக்கையும் (செவ்வாய்ப்பேட்டை) | திங்கள், இரவு 10.05

கடையைச் சாத்திவிட்டு வந்து படித்தேன். நாங்கள் மூன்று தலைமுறையாக நாட்டு மருந்துக் கடை. ஐயா சொன்ன ஊசிப் படிகத்தைத்தான் நாங்கள் புதினா உப்பு என்று கொடுக்கிறோம். உப்பு என்று பெயரே தவிர சாப்பாட்டு உப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீளநீளமாக, கண்ணாடிச் சிம்பு மாதிரி இருக்கும். பொட்டலத்தைப் பிரித்தாலே கண் எரியும்.

பழைய வாடிக்கையாளர்கள் புதினா உப்பு, ஓம உப்பு, கற்பூரம் மூன்றையும் சம எடை வாங்கிப்போவார்கள். கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடிக் குலுக்கினால், தண்ணீர் ஒரு துளி இல்லாமல், சூடு இல்லாமல், மூன்றும் வியர்த்து இளகிக் கொஞ்ச நேரத்தில் தெளிந்த எண்ணெயாகிவிடும். சின்ன வயதில் என் தாத்தா கல்லாவில் உட்கார்ந்து இதைச் செய்து காட்டும்போது நான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்று கல் எப்படித் தண்ணீராகும் என்பது அப்போது புரியாது. ஒன்றோடு ஒன்று கலந்தால் உருகும் வெப்பம் இறங்கிவிடுகிறது, அறைச் சூடே உருக்கப் போதும் என்று பின்னால்தான் தெரிந்தது.

இதில் சில துளியை நல்லெண்ணெயில் கலந்து வலிக்குத் தடவுவார்கள். பிளாஸ்டிக் டப்பாவில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள், சில பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். கைக்குழந்தை உள்ள வீடு என்று தெரிந்தால் நானே கொடுக்கமாட்டேன்.

ஐந்துரோடு | செவ்வாய், காலை 8.20

வயிற்றுக்கு இது நல்லதா கெட்டதா என்று யாராவது சொல்லுங்கள். எனக்குப் பல வருடமாகக் குடல் எரிச்சல் நோய் (ஐபிஎஸ்). திடீர் திடீரென்று வயிறு பிசையும், உப்பும். யாரோ சொன்னார்களென்று ஒரு டம்ளர் வெந்நீரில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் குடித்தேன். எண்ணெய் மேலே மிதந்து உதடெல்லாம் எரிந்தது. அரை மணி நேரத்தில் நெஞ்செரிச்சல் ஆரம்பித்து ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

வார்டுவிளக்கு | செவ்வாய், காலை 11.40

உங்கள் கேள்விக்கு இரண்டு பதிலும் சரி அண்ணா. இந்த எண்ணெய் பற்றிச் சொல்லப்படும் பயன்களில் நல்ல ஆதாரம் இருப்பது உங்கள் நோய்க்குத்தான். குடல் சுவரின் தசை சுருங்கக் கால்சியம் அதற்குள் போக வேண்டும். மென்தால் அந்த வழியை ஓரளவு அடைத்து, இறுகிய தசையைத் தளர்த்துகிறது. பிசைகிற வலி குறைவது அதனால். அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர்களின் கல்லூரி 2021-இல் வெளியிட்ட வழிகாட்டலிலும் இதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் அதே தளர்ச்சி இரைப்பைக்கு மேலே இருக்கும் வாயிலிலும் நடக்கும். உணவுக் குழாயின் அடியில் ஒரு சுருக்குத் தசை இருக்கிறது, அமிலம் மேலே வராமல் பிடித்துக்கொள்வது அதுதான். வெந்நீரில் விட்டுக் குடித்தபோது முதலில் தளர்ந்தது அந்தச் சுருக்கு. உங்கள் நெஞ்செரிச்சல் அப்படி வந்ததுதான்.

அதனால் வயிற்றுக்கு என்றே தனி மாத்திரை உண்டு. இரைப்பை அமிலத்தில் கரையாத உறை போட்டு, உள்ளே 0.2 மில்லி அளவு எண்ணெய் இருக்கும். இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலில்தான் உடையும். கடித்து மெல்லக் கூடாது, அமில முறிவு மருந்தோடு சேர்த்தும் போடக் கூடாது, உறை முன்னாலேயே கரைந்துவிடும். டாக்டரிடம் கேட்டே எடுங்கள். நெஞ்செரிச்சல், பித்தப்பைக் கல் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள். ஜி6பிடி நொதிக் குறை (ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் நொதி பிறவியிலேயே குறைவது) இருப்பவர்களும் மென்தாலைத் தவிர்க்க வேண்டும்.

கடையில் வாங்கிய குப்பியைத் தயவுசெய்து யாரும் குடிக்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாத எண்ணெய் அது. ஒரு கட்டுப் புதினாவை அலசிப் போட்டுக் கொதிக்கவைத்த கஷாயம் வேறு, இது வேறு. நூறு கிலோ பச்சைத் தழையைக் காய்ச்சினால் அரை கிலோவை ஒட்டித்தான் எண்ணெய் கிடைக்கும். ஒரு சொட்டு என்றாலும் அதற்குள் எத்தனை இலை என்று நினைத்துப் பாருங்கள்.

நாகலூர்க்காரன் | செவ்வாய், இரவு 7.30

மலையிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு நாகலூர் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம், சில்வர் ஓக்கில் மிளகு. ஏற்காட்டுக் கடையில் விற்கும் பெப்பர்மின்ட் எண்ணெய் ஏற்காட்டில் விளைந்தது என்று பலர் நம்பி வாங்குகிறார்கள். அதைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது, ஏனென்றால் நானே முயன்று பார்த்தவன்.

நாலு வருடத்துக்கு முன் வேர்த்தண்டு வரவழைத்து ஓடைக்கரை ஓரமாக அரைக் காணி நட்டேன். குளிர், ஈரம், நிழல் எல்லாம் பொருந்தும் என்று நினைத்தேன். செடி அருமையாகப் படர்ந்தது. ஒரு மழைக்குள் பாத்தியைத் தாண்டி வழித்தடம் வரை ஓடிவிட்டது. நடந்து போனால் காலடியில் மிதிபட்டு மணக்கும். ஆனால் பூக்கவே இல்லை. நண்பர் ஒருவரின் சின்னக் கொப்பரையில் இருபது கிலோ தழையைக் காய்ச்சினோம். ஒரு டீ கிளாஸில் பாதிகூட வரவில்லை. மோந்து பார்த்தால் அந்தத் தெளிவான குளிர் மணம் இல்லை. பச்சைத் தழை வாடை, அதற்குள் ஒரு காட்டம்.

காரணம் என்னவென்று பல நாள் அலைந்தேன். மண்ணும் உரமும் சரியாகத்தான் இருந்தது. குறைந்தது பகல் வெளிச்சம். பெப்பர்மின்ட் நீளமான பகல் கேட்கிற செடி. 14, 15 மணி நேரம் வெளிச்சம் கிடைக்கும் நாட்டில்தான் பூவெடுக்கும், அப்போதுதான் எண்ணெயில் மென்தால் கூடும். பகல் குட்டையாக இருந்தால் மென்தால் ஆகவேண்டிய சரக்கு வழியிலேயே திரும்பி மென்தோஃபியூரான், புலிகோன் என்ற பொருள்களாக நின்றுவிடும். புலிகோன் அதிகமானால் கல்லீரலுக்கு ஆகாது, அதற்கு மருந்து நூல்களில் உச்சவரம்பே இருக்கிறது. ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையில் ஆனி மாதத்து நெட்டைப் பகலே 12 மணி 45 நிமிடத்தை ஒட்டித்தான். உயரமான மலை என்பதால் குளிர் கிடைக்கும், பகலை எங்கே போய் வாங்குவது? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அந்த நேரம் பகல் பதினைந்தரை மணிக்கு மேல். அங்கேதான் பெப்பர்மின்ட் ஏக்கர் ஏக்கராக விளைகிறது.

1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தபோது அது ஒட்டிக்கொண்டது. எல்லாச் செடிக்கும் அப்படி அமைவதில்லை. என் புதினாவை இப்போது டீக்கு மட்டும் பறிக்கிறேன். அதற்கு மிக நன்றாக இருக்கிறது.

குடுவை | செவ்வாய், இரவு 8.15

இருபது கிலோவில் நீங்கள் கற்றதைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் தாண்டிவிடுவோம். பகல் நீளத்தை இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நன்றி.

மூட்டைக்கணக்கு (லீ பஜார்) | புதன், காலை 10.30

எலிக்கு நான் சொல்கிறேன். குடோனில் பஞ்சில் நனைத்து மூலைக்கு மூலை வைத்தோம். முதல் இரண்டு நாள் மூட்டைப் பக்கம் எலி வரவில்லை, மூன்றாம் நாள் பஞ்சையே இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஆவி பறந்ததும் ஒன்றுமில்லை. ஓட்டையைச் சிமென்ட் போட்டு அடைத்ததுதான் உதவியது. கொசுவுக்கும் அப்படித்தான், கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். டெங்கு காலத்தில் இதை நம்பி வலையைக் கழற்றிவிடாதீர்கள்.

மஞ்சள்பூனை | புதன், மதியம் 12.10

பூனை வளர்ப்பவர்கள் வீட்டுக்குள் இந்த எண்ணெயைப் புகையவிடும் கருவியில் போடாதீர்கள். பூனையின் கல்லீரல் இவற்றை உடைத்து வெளியேற்றாது. எங்கள் பூனை உடம்பில் தெறித்ததை நக்கி, நாள் முழுக்க எச்சில் ஒழுகத் தள்ளாடியது. கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டது.

தறிச்சத்தம் | புதன், இரவு 9.00

ஐயா, தாள் சோதனை செய்தேன். இரண்டு ராத்திரி ஆகியும் எட்டணா அகலத்துக்குப் பச்சை வட்டம், வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய்க் கறை பளபளக்கிறது. மாமியாருக்கு வருத்தம். "கையில் விட்டபோது ஜில்லென்று இருந்ததே, அது பொய்யா?" என்று கேட்கிறார். அவருக்கு நான் என்ன சொல்ல?

தலைவலிக்கு உண்மையிலேயே உதவுமா என்பதையும் சொல்லுங்கள். நல்ல எண்ணெயாக வாங்கினால் எவ்வளவு, எங்கே தடவ வேண்டும்?

குடுவை | வியாழன், காலை 6.30

அந்த ஜில்லிப்பு பொய்யில்லை என்று சொல்லுங்கள் அம்மா. சாயமும் சமையல் எண்ணெயும் கலந்திருந்தாலும் கொஞ்சம் மென்தால் இருந்திருக்கும், கொஞ்சமே போதும்.

நம் தோலின் நரம்பு முனைகளில் குளிரை உணர்வதற்கென்று ஒரு புரதக் கதவு இருக்கிறது. டிஆர்பிஎம்8 என்று பெயர். தோலின் சூடு 25 டிகிரிப் பக்கம் இறங்கினால் அது திறக்கும், மூளைக்குக் குளிர் என்று செய்தி போகும். மென்தால் அதே கதவைச் சூடு இறங்காமலேயே திறந்துவிடுகிறது. நெற்றியில் வெப்பமானி வைத்துப் பார்த்தால் தோல் குளிர்ந்திருக்காது, மூளை மட்டும் குளிர்ந்ததாக நம்பும். மிளகாய் கடித்தால் நாக்கு வெந்தா போகிறது? சூட்டை உணரும் இன்னொரு கதவை மிளகாயின் காரப்பொருள் திறக்கிறது, அவ்வளவுதான். டேவிட் ஜூலியஸ், ஆர்டம் படபூட்டியன் இருவரும் தனித்தனியே 2002-இல் இந்தக் குளிர்க் கதவைக் கண்டார்கள். சூடு, தொடுகை இவற்றை உடல் எப்படி உணர்கிறது என்று கண்டதற்காக 2021-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மூக்கடைப்பும் இதே கதைதான். மென்தாலை மோந்தால் மூக்கு திறந்த மாதிரி இருக்கும். அளந்து பார்த்தால் அடைப்பு அப்படியே இருக்கும், காற்று குளிர்ந்து போகிற உணர்ச்சி மட்டும் கூடியிருக்கும். ஆகவே காய்ச்சலுக்கு நெற்றியில் தடவிவிட்டுச் சூடு இறங்கிவிட்டது என்று இருந்துவிடக் கூடாது.

வார்டுவிளக்கு | வியாழன், மதியம் 3.10

தலைவலிக்கு நான் சொல்கிறேன். உங்கள் மாமியார் சொல்லும் கயிறு கட்டி இறுக்கும் வலி, இறுக்கத் தலைவலி என்ற வகை. அதற்கு இந்த எண்ணெய் உதவும். ஜெர்மனியில் 1990-களில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நெற்றியிலும் பொட்டிலும் தடவிய 10 சதவீதப் பெப்பர்மின்ட் கரைசல், 1000 மில்லிகிராம் பாராசிட்டமால் அளவுக்கு வலியைக் குறைத்தது. அவர்கள் எண்ணெயைச் சாராயத்தில் கரைத்துக் கொடுத்தார்கள். வீட்டில் அவ்வளவு கெட்டியாக ஆரம்பிக்க வேண்டாம்.

30 மில்லி தேங்காய் எண்ணெயில் 12 சொட்டு விட்டால் 2 சதவீதம் வரும். ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்ற கணக்கு. முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்பு, சிவப்பு இல்லையென்றால் புருவத்துக்கு மேலே நெற்றியிலும் பொட்டிலும் விரல் நுனியால் மெல்லத் தடவலாம். கண்ணிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளியே இருக்கட்டும். தறி ஓடும் கொட்டகையில் வியர்வை வழிந்து எண்ணெய் கண்ணுக்குள் இறங்கும், அதனால் வேலை முடிந்து முகம் கழுவிய பிறகு தடவச் சொல்லுங்கள். தோலில் பட்டு எரிந்தால் தண்ணீர் ஊற்றாமல் முதலில் வெறும் தேங்காய் எண்ணெயால் துடைத்து, பிறகு சோப்புப் போடுங்கள். இது தண்ணீரில் கரையாது. கண்ணில் பட்டால் மட்டும் நிறையத் தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

அப்புறம், தினமும் சாயங்காலம் வலி என்றால் எண்ணெயோடு விடாதீர்கள். கண் பரிசோதனை எப்போது செய்தார்? ரத்த அழுத்தம் பார்த்தீர்களா?

தறிச்சத்தம் | வியாழன், இரவு 10.15

கண்ணாடி போட்டு ஏழெட்டு வருடம் ஆகிறது அக்கா. அதற்கப்புறம் போய்ப் பார்க்கவில்லை.

வார்டுவிளக்கு | வெள்ளி, காலை 7.00

முதலில் அதற்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

தறிச்சத்தம் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6.20

சொல்லியே ஆக வேண்டும் என்று வந்தேன். கண் டாக்டரிடம் போனோம், பவர் நன்றாகவே ஏறியிருந்தது. இவ்வளவு நாள் அறுந்த இழையைத் தேடிக் கண்ணை இடுக்கி இடுக்கித்தான் முடிச்சுப் போட்டிருக்கிறார். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. புதுக் கண்ணாடி வந்து பத்து நாள் ஆகிறது. வாரத்தில் ஐந்தாறு நாள் வந்த வலி இப்போது ஒரு நாளோ இரண்டு நாளோதான். அந்த நாளில் மட்டும், குளித்துவிட்டு, தாவரப் பெயர் போட்ட புதுக் குப்பியிலிருந்து கலந்து வைத்த எண்ணெயைத் தடவிக்கொண்டு திண்ணையில் அரை மணி நேரம் உட்காருகிறார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நெற்றியையும் துடைத்த பிறகுதான் பேரனைத் தூக்குகிறார்.

பச்சைக் குப்பியை வீசிவிட்டோம். அந்தத் தாளை மட்டும் மாமியார் வீசவிடவில்லை. அக்கம்பக்கத்தில் ஏற்காடு போகிறேன் என்று யாராவது சொன்னால் எடுத்துக் காட்டுகிறார்.

நாகலூர் அண்ணா, உங்கள் புதினாவில் வேரோடு ரெண்டு தண்டு கிடைக்குமா? டீக்குத்தான்.

நாகலூர்க்காரன் | ஞாயிறு, இரவு 8.40

புதன்கிழமை மிளகு மூட்டையோடு செவ்வாய்ப்பேட்டைக்கு இறங்குகிறேன் அம்மா. ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வருகிறேன். தொட்டியில் வையுங்கள், தரையில் நட்டால் வாசல் முழுக்கப் படர்ந்துவிடும்.